எண்ணிக்கை எழுதாத பெட்டியை ஏன் வாங்க வேண்டும்?

ஒரு கிலோ துவரம் பருப்பைப் பொட்டலமாகக் கட்டி விற்க வேண்டுமானால் அதன்மேல் நிகர எடையை எழுத வேண்டும். கட்டியவர் பெயர், முகவரி எழுத வேண்டும். மாதம், வருடம் எழுத வேண்டும். அதிகபட்ச சில்லறை விலையையும், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள்கள் விதிகளும் இந்தப் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்திருக்கின்றன. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் தொழிலாளர் துறை ஆய்வாளர் வழக்குப் போடுவார். இதில் நமக்கு வருத்தம் இல்லை. காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தாம் எவ்வளவு வாங்குகிறோம் என்பது தெரிய வேண்டும். நியாயமான விதிதான்.

ஆனால் அதே நியாயம் நாம் வாங்கும்போது எங்கே போகிறது என்பதே நம் கேள்வி. கடைக்கும் கிடங்குக்கும் ஆலைக்கும் இன்று நாம் வாங்கும் கம்ப்யூட்டர் சாதனங்களில் பெரும்பாலானவற்றுக்கு 'லைசென்ஸ்' என்ற ஒன்று உண்டு. அந்த லைசென்ஸுக்கு ஓர் அளவும் உண்டு. எத்தனை பேர், எத்தனை கருவிகள், எத்தனை நாள் என்பதே அந்த அளவு. ஆனால் நம் பார்வைக்கு வந்த கொட்டேஷன்கள் சிலவற்றில் 'எண்டர்பிரைஸ் லைசென்ஸ் – 1 எண்' என்ற ஒற்றை வரிதான் இருந்தது. ஒரு மூட்டை என்று மட்டும் எழுதி, 25 கிலோவா 75 கிலோவா என்று சொல்லாமல் நாம் அரிசி விற்க முடியுமா?

வாசலில் நிற்கும் பெட்டி

இந்த விஷயம் கூர்மையாகத் தெரிவது 'நெட்வொர்க் நுழைவுக் கட்டுப்பாடு' என்னும் சாதனத்தில். பெரிய நிறுவனங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பல ஆண்டுகளாக இதை வைத்திருக்கின்றன. இப்போது பல கிளைகள் உள்ள ஜவுளிக் கடை, சூப்பர் மார்க்கெட், நவீன அரிசி ஆலை என்று நம் வட்டாரத்துக்கும் விற்பனையாளர்கள் வந்து பேசுகிறார்கள்.

இதன் வேலை கடை வாசலில் நிற்கும் காவலாளியின் வேலைதான். நம் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரோ கைபேசியோ கேமராவோ சேர வந்தால், 'நீ யார், உனக்கு உள்ளே எதுவரை அனுமதி?' என்று கேட்டு, தெரிந்தவரை உள்ளே விட்டு, தெரியாதவரைத் திண்ணையில் உட்கார வைக்கும். இதற்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு முறை இருக்கிறது. 802.1எக்ஸ் என்ற அந்தத் தர விதி 2001-இல் வெளியானது. பில் போடும் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும் இந்தக் காலத்தில், சரக்கு வாங்க வந்தவரின் கைபேசியும் அதே கம்பியில் ஓடுவது நல்லதல்ல. ஆகவே காவலாளி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்தக் காவலாளி எத்தனை பேரை எண்ணிப் பார்ப்பான் என்று கேட்டுவிட்டு வேலைக்கு வையுங்கள் என்கிறோம்.

நம் கடையில் எத்தனை கருவிகள் இருந்துவிடப் போகின்றன என்று நினைக்க வேண்டாம். நடுத்தரமான ஒரு மொத்த வியாபாரக் கடையைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பில் போடும் கம்ப்யூட்டர் 4, பிரிண்டர் 4, நெட்வொர்க்கில் ஓடும் கேமரா 16, அதன் பதிவுப் பெட்டி 1, விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி 2, ஊழியர் கைபேசி 12, முதலாளி வீட்டார் கைபேசியும் மடிக்கணினியும் 6. ஆக 45. வாடிக்கையாளருக்கு வை-ஃபை கொடுத்து, ஒரே நேரத்தில் 30 பேர் அதில் இருந்தால் 75. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஊழியர் 20 ஆகி, வாடிக்கையாளர் 150 ஆனால் 203. சாதாரண நாளின் 75-ஐ வைத்து 100 கருவிக்கு லைசென்ஸ் வாங்கியவர், வியாபாரம் பெருகும் நாளில்தான் மாட்டிக்கொள்வார்.

வண்டி வேறு, பர்மிட் வேறு

முதலில் தெளிவாக வேண்டியது, பெட்டியின் தாங்கும் சக்தி வேறு, லைசென்ஸின் அளவு வேறு என்பது.

லாரி வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2018 ஜூலையில் மத்திய அரசு சரக்கு வாகனங்களின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரியின் எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் ஆயிற்று. இரும்பும் டயரும் அதேதான். மாறியது காகிதத்தில் உள்ள எண். லைசென்ஸும் அப்படித்தான். 1,000 கருவிகளைத் தாங்கும் பெட்டியை வாங்கி 200 கருவிகளுக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால், 201-ஆவது கருவிக்குப் பெட்டியில் இடம் இருந்தும் உரிமை இல்லை. 100 கருவிகளைத் தாங்கும் பெட்டிக்கு 500 லைசென்ஸ் வாங்கினாலோ, உரிமை இருந்தும் பெட்டி மூச்சுத் திணறும். இரண்டில் எது குறைவோ அதுவே நமக்குக் கிடைக்கும் அளவு.

மாடல் எண்ணைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. ஃபோர்ஸ்கவுட் நிறுவனத்தின் பழைய பெட்டிகளில் சி.டி.-1000 என்பது 1,000 கருவிகளுக்கானது. ஆனால் சி.டி.-100 என்பது 500 கருவிகளுக்கும், சி.டி.-2000 என்பது 2,500 கருவிகளுக்கும் உரியவை. பெயரில் உள்ள எண் வேறு, உள்ளே உள்ள அளவு வேறு. பெயர் வைப்பது அவர்கள் உரிமை. அளவைக் கேட்பது நம் கடமை.

கிளைகள் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். சில லைசென்ஸ்கள் அந்தந்தப் பெட்டியோடு ஒட்டியவை. திருவண்ணாமலைக் கடைப் பெட்டியில் 60 மிச்சம் இருந்தாலும் கீழ்பென்னாத்தூர்க் கடைக்கு அது உதவாது. வேறு சில லைசென்ஸ்கள் பொதுக் கிடங்குபோல. மொத்தமாக வாங்கி எந்தக் கிளைக்கு வேண்டுமோ அங்கே பயன்படுத்தலாம். இரண்டு கிளைகளில் திருவிழாவும் சந்தையும் வெவ்வேறு நாளில் வரும் என்றால், பொதுக் கிடங்கு முறையில் குறைந்த லைசென்ஸே போதும்.

இலையை எண்ணுகிறார்களா, தலையை எண்ணுகிறார்களா?

அடுத்தது எண்ணும் முறை. இங்கேதான் பணம் அதிகம் வீணாகிறது.

கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நூறு இலை போடுவார்கள். விருந்துக்கு வந்தவர் ஆயிரம் பேராக இருக்கலாம். ஒரு பந்தி எழுந்தால் அடுத்த பந்தி உட்காரும். இது ஒரே நேரத்தில் உள்ளவர்களை எண்ணும் முறை. சிஸ்கோ நிறுவனத்தின் 'ஐஸ்' என்ற நுழைவுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தில் லைசென்ஸ் இந்த வகையில் கணக்காகிறது. கருவி உள்ளே வந்தால் ஒன்று செலவாகும், வெளியே போனால் திரும்பிவிடும்.

மற்றது தலையை எண்ணும் முறை. இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 2022-ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலையார் மலைமீது ஏற 2,500 பேருக்கு மட்டுமே அனுமதிச் சீட்டு தரப்பட்டது. 2,500 சீட்டு தீர்ந்தால் தீர்ந்ததுதான். கீழே கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடந்தாலும் மேலே போகும் கணக்கு அவ்வளவே. மலையின் பாதுகாப்புக்கு அந்த முறை பொருத்தம். கடைக்குப் பொருந்துமா? காலையில் அரைமணி நேரம் வந்துபோன வாடிக்கையாளரின் கைபேசி, மாலைவரை ஒரு லைசென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தால் நமக்கு நஷ்டம்.

ஒரே நேரக் கணக்கு என்றாலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, சாப்பிட்டவர் எழுந்துவிட்டார் என்று பரிமாறுகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டும். கருவி வெளியேறிய செய்தியை வை-ஃபை சாதனம் காவல் பெட்டிக்கு அனுப்பும்படி அமைக்காவிட்டால், போனவர் இலை விரித்தபடியே கிடக்கும். லைசென்ஸ் தீர்ந்துவிட்டது என்று இன்னொரு நூறு வாங்கச் சொல்பவரிடம், இந்த அமைப்பு சரியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மற்றொன்று, இன்றைய கைபேசிகள் தம் அடையாள எண்ணை மறைத்துக்கொள்கின்றன. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், வை-ஃபையில் சேரும்போது கைபேசிகள் உண்மையான எண்ணுக்குப் பதில் ஒரு மாற்று எண்ணைக் காட்டுவதே இயல்பான நிலை. உடையவரின் அந்தரங்கத்துக்கு இது நல்லது. ஆனால் ஒரே கைபேசி இரண்டு வை-ஃபை பெயர்களில் சேர்ந்தால் இரண்டு ஆளாகத் தெரியக்கூடும். தலையை எண்ணும் லைசென்ஸில் இதற்கும் நாமே காசு கட்டுவோம்.

அளவு மீறினால் என்ன ஆகும்?

இதைக் கேட்காமல் வாங்கவே கூடாது. ஒவ்வொரு சாதனமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது.

சில சாதனங்கள் பொறுத்துப் போகும். மேலே சொன்ன சிஸ்கோ சாதனம் அளவு மீறியவுடன் கதவை அடைப்பதில்லை, எச்சரிக்கும். 60 நாள்களுக்குள் 45 நாள்கள் அளவு மீறியிருந்தால், நிர்வாகம் செய்யும் உரிமை பூட்டப்படும். லைசென்ஸ் வாங்கிச் சேர்த்த பிறகே திறக்கும்.

சில சாதனங்கள் பொறுக்காது. மொத்தக் கடைகள் பலவற்றில் ஒரு சாதாரண விண்டோஸ் கம்ப்யூட்டரையே 'சர்வர்' என்று வைத்து மற்றவற்றை அதில் இணைத்திருக்கிறோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இப்படி இணையக்கூடியவை 20 மட்டுமே. 21-ஆவது கருவிக்கு இடம் கிடையாது. கம்ப்யூட்டர் பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். பழுது ஒன்றும் இல்லை, வரம்பு வந்துவிட்டது, அவ்வளவே. கேமரா பதிவுப் பெட்டியும் அப்படித்தான். 4 சேனல் டி.வி.ஆர். பெட்டியில் ஐந்தாவது கேமராவை மாட்ட முடியாது. இன்று 4 கேமரா போதும் என்பவர் 8 சேனல் பெட்டி வாங்குவதே சிக்கனம்.

லைசென்ஸே இல்லாத இடத்திலும் அளவு உண்டு. சாதாரண வை-ஃபை ரவுட்டர் உள்ளே வருபவருக்கு ஒரு முகவரி எண் தருகிறது. வழக்கமான அமைப்பில் அதிகம் போனால் 253 எண்களே உண்டு. ஒருமுறை கொடுத்த எண்ணை 24 மணி நேரம் வரை திரும்ப எடுக்காத ரவுட்டர்களும் உண்டு. வாடிக்கையாளரும் பில் கம்ப்யூட்டரும் ஒரே வை-ஃபையில் இருந்தால், கூட்டம் உள்ள நாளில் எண்கள் தீர்ந்து, சாயங்காலம் திறக்கும் பில் கம்ப்யூட்டருக்கு எண் கிடைக்காமல் போகும்.

பில் கம்ப்யூட்டர் நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு இன்வாய்ஸ் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வரி உள்ள சரக்கு போக இ-வே பில் வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் சரக்கு மாநில எல்லையைத் தாண்டுவதால், 50,000 ரூபாய்க்கு மேலேயே வேண்டும். ஏற்றிய லாரி வாசலில் நிற்க, டிரைவர் காத்திருக்க, உள்ளே நெட்வொர்க் திறக்கவில்லை என்றால் அன்றைய நட்டத்தை எந்த விற்பனையாளரும் ஈடு செய்யப் போவதில்லை.

காலக்கெடுவும் ஓர் அளவே. சில லைசென்ஸ்கள் ஒருமுறை வாங்கினால் என்றும் உள்ளவை. நம்மில் பலர் பயன்படுத்தும் டாலியில் நிரந்தர லைசென்ஸ் வாங்கியவர் ஆண்டுச் சேவையைப் புதுப்பிக்காவிட்டாலும் கணக்கு எழுதலாம். புதிய பதிப்புகளும் இணையச் சேவைகளும் நின்றுபோகும். ஆனால் நுழைவுக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள் சந்தா முறைக்கு மாறி வருகின்றன. சிஸ்கோ 2020-இல் வெளியிட்ட 3.0 பதிப்பிலிருந்து சந்தா லைசென்ஸ் முறைக்கு வந்தது. ஆகவே முதல் ஆண்டு விலையை மட்டும் பார்த்து 'மலிவு' என்று முடிவு செய்யக் கூடாது. ஐந்தாண்டு மொத்தச் செலவைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

தவறு ஒரு பக்கம் மட்டும் அல்ல

விற்பனையாளர்களை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. 'எல்லாம் இருக்கட்டும், கடைசி விலை என்ன?' என்று கேட்பவரிடம் அளவைப் பற்றி விளக்க எந்த விற்பனையாளரும் மெனக்கெட மாட்டார். ஒற்றைக் கம்ப்யூட்டருக்கான டாலி சில்வர் லைசென்ஸை வாங்கிவிட்டு, கடை முழுவதும் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் உண்டு. அதற்கு உரியது கோல்டு லைசென்ஸ். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியைப் போட்டுத் தருகிறேன் என்பவரை நம்புவது அதைவிடக் கெடுதல். திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மற்றொரு காரணத்துக்காகவும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் என்று கருதுவதில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் நடத்துபவருக்கே அதில் விலக்கு. நம்மிடம் ஒரு சோப்பு வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். லட்ச ரூபாய்க்குப் பெட்டி வாங்கிய நமக்கு அந்த வாசல் பெரும்பாலும் அடைப்பு. நம் கையில் இருக்கும் ஒரே பாதுகாப்பு, கொட்டேஷனிலும் பில்லிலும் எழுதி வாங்கிய வரிகள்தான்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

ஆகவே உறுப்பினர்கள் எந்த நெட்வொர்க் சாதனம் வாங்கினாலும், கீழ்க்கண்டவற்றுக்குக் கொட்டேஷனிலேயே எழுத்தில் பதில் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

1. பெட்டி தாங்கும் கருவிகள் எத்தனை? லைசென்ஸ் எத்தனைக்கு?

2. எண்ணுவது ஒரே நேரத்தில் உள்ளவர்களையா, வந்துபோன எல்லாரையுமா?

3. கேமரா, பிரிண்டர் போன்றவையும் எண்ணிக்கையில் சேருமா?

4. போன கருவியின் இடம் எவ்வளவு நேரத்தில் காலியாகும்?

5. அளவு மீறினால் எச்சரிக்கையா, கதவடைப்பா?

6. லைசென்ஸ் நிரந்தரமா, சந்தாவா? சந்தா முடிந்த மறுநாள் பெட்டி என்ன செய்யும்? ஐந்தாண்டு மொத்தச் செலவு எவ்வளவு?

7. பின்னால் கூட்ட வேண்டுமானால் ஐந்து ஐந்தாகக் கூட்டலாமா, நூறாகத்தான் வாங்க வேண்டுமா? வேறு கிளைக்கு மாற்றலாமா?

கணக்கெடுப்பதைச் சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் செய்யாதீர்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலோ, பொங்கலுக்கு முன்போ செய்யுங்கள். அந்த எண்ணுக்கு மேல் கால் பங்கு கூட்டி வாங்கினால் போதும். விற்பவர் மூன்று மடங்கு சொன்னால் காரணம் கேளுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் கடைத்தெருவில் உள்ள மிகப் பெரும்பாலான கடைகளுக்கு இந்தப் பெரிய பெட்டி தேவையே இல்லை. வாடிக்கையாளருக்குத் தனி வை-ஃபை, பில் போடும் கம்ப்யூட்டர்களுக்குத் தனி வை-ஃபை, ஊழியர் வேலையை விட்டுப் போனால் கடவுச்சொல் மாற்றம், இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்தாலே பாதி ஆபத்து குறையும். இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினருக்கான தனி வை-ஃபை வசதி கூடுதல் செலவின்றி இருக்கிறது. நூறு கருவிகளைத் தாண்டியவர்களும், கிளைகள் உள்ளவர்களும் மட்டும் பெட்டியைப் பற்றி யோசிக்கலாம்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தனித்தனியாகப் போய்க் கேட்கும் கடைக்காரருக்கு மரியாதை குறைவு. வட்டாரத்தில் பத்துக் கடைகள் சேர்ந்து கேட்டால் விலையும் இறங்கும், பதிலும் எழுத்தில் வரும். மேலே சொன்ன ஏழு கேள்விகளை ஒரு படிவமாக அச்சிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுப்பது எந்தச் சங்கத்துக்கும் பெரிய செலவல்ல. அதோடு, லைசென்ஸ் விற்பவர் அதன் அளவையும் காலத்தையும் பில்லில் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று விதி செய்யுமாறு அரசை வணிகர் அமைப்புகள் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும் என்பது நம் உறுதியான கருத்து.

பொட்டலத்தில் எடை எழுதாமல் நாம் விற்பதில்லை. பெட்டியில் எண்ணிக்கை எழுதாமல் நமக்கு விற்பவரிடம், எழுதிக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவோம்.